சண்டை நின்ற செவ்வாய்க்கிழமை

எனக்குப் புற்றுநோய் என்பதை எனக்கு முதலில் தெரியப்படுத்தியது டாக்டர் இல்லை. என் மனைவி மேபலும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பஷீர் பாய் ஒரு செவ்வாய்க்கிழமை என்னோடு சண்டை போடுவதை நிறுத்தினார். அதிலிருந்துதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படித் தாங்கினீங்க மாஸ்டர்?" என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. ஜெபம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஜெபமும் காரணம்தான். ஆனால் அந்த அறையில் வேறொன்றும் நடந்தது. அதை எழுதாமல் விட்டால் நான் பிழைத்த கதை பாதிப் பொய்.

நான் ஞானராஜ். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தொண்ணூறுகளின் நடுவில், என் நாற்பத்து மூன்றாம் வயதில், சாயங்காலம் ஆனால் லேசாக ஜுரம் வர ஆரம்பித்தது. விடியும்போது பனியன் பிழியும்படி நனைந்திருக்கும். கரும்பலகையில் இரண்டு வரி எழுதுவதற்குள் இருமல் வந்துவிடும். ஒரு பீரியடில் நான் எத்தனை தடவை இருமுகிறேன் என்று எண்ணி, கடைசி பெஞ்சுப் பையன்கள் பெஞ்சில் கோடு கிழித்து வைத்திருந்தார்களாம். அவ்வளவு கவனமாக என் வகுப்பில் அவர்கள் வேறெதையும் எண்ணியதில்லை.

பெங்களூர் குளிர், சாக்பீஸ் தூள் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். கழுத்தில் எலும்புக்கு மேலே ஒரு கட்டி புளியங்கொட்டை அளவில் தட்டுப்பட்டதும் மேபல் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் நடுவில், இரண்டு நுரையீரலுக்கும் இடையில், இருக்கக்கூடாத ஒரு நிழல் இருந்தது. டி.பி.யாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த 'வேறு ஏதாவது' என்ன என்று நான் கேட்கவில்லை. படுக்கையில் சேரச் சொன்னார்கள்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் இரண்டு கட்டில் போட்ட அறை. ஜன்னல் பக்கம் பஷீர் பாய், கதவுப் பக்கம் நான். அவருக்கு ஐம்பத்தாறு வயது. சிவாஜிநகரில் லைனிங் துணிக் கடை. பூர்வீகம் வாணியம்பாடி, வீட்டில் உருது, கடையில் தமிழ், போலீஸ்காரரிடம் கன்னடம். அவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. அங்கே நீர் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடமிருக்காது. முதுகில் ஊசி போட்டு அந்த நீரை எடுப்பார்கள். எடுத்த நாள் நன்றாக இருப்பார். நாலைந்து நாளில் மறுபடியும் மூச்சு வாங்கும்.

எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரே ஒரு மின்விசிறி. சுவரில் அதன் ரெகுலேட்டர். ஃபேன் ஓடினால் எனக்கு இருமல் நிற்காது. நின்றால் அவருக்கு மூச்சு முட்டும். வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டோம்.

"என்னா மாஸ்டர், காத்து இல்லாம மனுஷன் எப்படிப் படுப்பான்?"

"காத்து வேணும்னா கப்பன் பார்க்குக்குப் போங்க பாய். இது ஆஸ்பத்திரி."

"நான் உங்களுக்கு முன்னால வந்தவன். இந்த ஃபேன் என்னுது."

நான் எழுந்து போய் ஒன்றில் வைப்பேன். நான் பாத்ரூம் போய் வருவதற்குள் அது நாலில் இருக்கும். தரை துடைக்கும் கன்னடத்து ஆயா மூங்கில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "ஏன் சார், சண்ண மக்கள் தரா ஜகளா ஆடுத்தீரல்லா!" என்று சிரிப்பாள். சின்னப் பிள்ளைகள் மாதிரிதான் சண்டை போட்டோம். வியாதிக்காரனுக்குச் சண்டை ஒரு தெம்பு. நான் இன்னும் சண்டை போடத் தகுந்த ஆள்தான் என்று அது நினைக்க வைக்கிறது.

எங்களைச் சேர்த்து வைத்தது டி.வி. வராந்தாக் கடைசியில் ஒரு கூடத்தில் யாரோ குணமானவர் வாங்கிக் கொடுத்த கலர் டி.வி. இருந்தது. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஓர் இந்தித் துப்பறியும் தொடர் வரும். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்காருவோம். எங்களில் பாதிப் பேருக்கு இந்தி தெரியாது. பஷீர் பாய்தான் மூச்சு வாங்க வாங்க எல்லாருக்கும் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிக்கொண்டே வருவார்.

அதில் இரண்டு போலீஸ் அதிகாரிகள். பெரியவர் கோகலே, மேசையைத் தட்டுவார், ஆளை நெருக்குவார். சின்னவர் லோபோ, பேசவே மாட்டார். குற்றவாளியின் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கோகலே கட்சி. எல்லாரும் பொய் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. சாட்சியத்தை அடுக்கு, பொய்யைக் கழி, மிச்சம் விடை. இருபது வருஷம் விடைத்தாள் திருத்தியவனுக்கு அது பிடிக்காமல் எப்படிப் போகும்?

பஷீர் பாய் லோபோ கட்சி. "உங்க கோகலேக்கு மனுஷனே தெரியாது மாஸ்டர். மூளை மட்டும்தான் இருக்கு. பொய் சொல்றவன் நெருக்க நெருக்க இன்னும் நல்லாச் சொல்லுவான். லோபோ பாருங்க, அவன் பேச்சைக் கேக்கவே மாட்டான். கையைப் பார்ப்பான்."

"கையில என்ன இருக்கு?"

"கடைக்கு வாங்க, காட்டுறேன். பொம்பளைங்க துணிய எடுத்து, 'வேணாம் பாய், விலை ஜாஸ்தி'ன்னு சொல்லுவாங்க. வாய் வேணாம்னு சொல்லும். ரெண்டு விரல் மட்டும் துணிய விடாது. நான் வாயைக் கேக்கவே மாட்டேன். விரலைப் பார்த்துட்டு, கத்திரியை எடுத்துடுவேன்."

கோகலேக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றும் பேசினோம். அவருக்கு உள்ளுக்குள் பயம், தான் ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவன்தான் மேசையைத் தட்டுவான் என்றார் பாய். லோபோ ஏன் பேசுவதில்லை? அவனும் எங்கேயோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைச் சுமந்துகொண்டிருக்கிறான். அதனால்தான் குற்றவாளிகள் மேல் அவனுக்கு இரக்கம். தொடரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பாயாகக் கண்டுபிடித்தது. அப்போது சும்மா அளக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதம் மூன்று வாரத்துக்கு ஒரே வழக்கு. மலையூர் ஒன்றில் ஒரு பணக்காரக் கிழவருக்கு யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைத்துக் கொன்றிருந்தார்கள். கோகலே கிழவரின் தம்பி மகனைப் பிடித்தார். ஊரே அவன்தான் என்றது. இரண்டாம் வாரம் பஷீர் பாய், "மேனேஜர்" என்றார். முப்பது வருஷமாகக் கிழவரோடு இருந்த பழைய மேனேஜர். விசுவாசமானவன், கண்ணீர் விடுகிறவன்.

"அவனா? போங்க பாய், அவன் ரொம்ப நல்லவன்."

"அதான் மாஸ்டர். ரொம்ப நல்லவனா ஆயிட்டான்."

இதற்கு நடுவில் என் கழுத்துக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார்கள். பயாப்ஸி என்பார்கள். சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. விடை வர பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்தப் பத்து நாளைத்தான் எனக்கு எழுதத் தெரியவில்லை. ஊசி வலித்தது, வெட்டியது வலித்தது, அவையெல்லாம் முடிந்துபோயின. காத்திருப்பது முடியவில்லை. ஸ்டிரெச்சர் சத்தம் கேட்டால் எனக்குத்தான் என்று தோன்றும். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தால் பயம், சிரிக்காவிட்டால் அதைவிடப் பயம். மேபல் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு தினமும் பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுவருவாள். பஷீர் பாய்க்கும் ஒரு டம்ளர் ஊற்றுவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போய்விட்டால் இவள் யாருக்கு ரசம் வைப்பாள் என்று யோசித்தபடியே குடிப்பேன்.

பஷீர் பாய்க்கு ஒரே மகள், ஷாஹீன். கடையில் தைத்துக் கொண்டிருந்தவரின் மகனை விரும்பி, நாலு வருஷம் முன்பு கல்யாணம் செய்துகொண்டு ஆம்பூரில் இருந்தாள். அதிலிருந்து பேச்சு இல்லை. அவள் கல்யாணத்தை விட, தனக்குத் தெரியாமல் நடந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை பேர் கையைப் பார்த்திருக்கேன். என் பொண்ணு கையைப் பார்க்கத் தவறிட்டேனே மாஸ்டர்" என்று ஒரு தடவை சொன்னார். ஆனாலும் அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டின் போன் நம்பர் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மாத்திரைச் சீட்டைத் தேடும்போது பார்த்தேன்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வழக்கம்போல ஃபேனை நிறுத்தினேன். சண்டைக்குத் தயாராக நின்றேன். பஷீர் பாய் ஒன்றும் சொல்லவில்லை. "குளிருதா மாஸ்டர்? இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். இரண்டு தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன். கணக்கு வாத்தியாருக்கு அன்றைக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டத் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம். பாயின் தம்பி கரீம், டீ வாங்கித் தருவதாக என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். டீ வாங்கவில்லை. படியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், அண்ணன் முதுகுல எடுத்த நீரோட டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு. அதுதானாம். முத்திப் போச்சாம். ரெண்டு மாசம் கஷ்டம்ங்கறாங்க."

யாராவது கேட்கிறார்களா என்று நான் படிக்கட்டின் மேலே பார்த்தேன்.

"அண்ணனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. உங்ககிட்டதான் பைலைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். எனக்குத் தெரியும். நீர்தான், சளிதான்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். தெரிஞ்சா அன்னைக்கே போயிடுவார்."

நம் ஆஸ்பத்திரிகளில் இதுதான் வழக்கம். டாக்டர் நோயாளியைக் கூப்பிட மாட்டார், "கூட யாரு இருக்கீங்க?" என்று கேட்டு அவர்களைத் தனி அறைக்குக் கூப்பிடுவார். நோய் நோயாளிக்கு, விஷயம் குடும்பத்துக்கு. குடும்பம் அதைத் தாங்க முடியாமல் யாரிடமாவது இறக்கி வைக்கும். பக்கத்துக் கட்டில்தான் அதற்குத் தோது. சரி என்று தலையாட்டினேன். அறைக்குத் திரும்பியதும் நேராகப் போய் ரெகுலேட்டரை நாலுக்குத் திருப்பினேன்.

"என்னா மாஸ்டர், இருமல் வரும்ல?"

"வந்தா வரட்டும் பாய். எனக்கும் புழுக்கமாத்தான் இருக்கு."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெகுலேட்டரின் மேல் இருந்த என் கையைப் பார்த்தார். நான் கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டேன்.

அன்று ராத்திரி தொடரின் முடிவு. கோகலே, கிழவரின் தம்பி மகனைக் கூண்டில் ஏற்ற எல்லாம் தயார் செய்துவிட்டார். லோபோ மேனேஜரின் வீட்டுத் தின்பண்டத்தை எல்லாம் தின்றுவிட்டு, போகும்போது வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேனேஜர் அப்படியே நாற்காலியில் சரிந்தான். கூடத்தில் எல்லாரும், "என்ன கேட்டான், என்ன கேட்டான்?" என்று பாயைப் பிடுங்கினார்கள்.

பாய் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "முப்பது வருஷமா தினமும் கிழவரோட மாத்திரை நேரத்துக்குச் சண்டை போடுவியே, எந்தத் தேதியிலிருந்து நிறுத்தினேன்னு கேட்டான்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் எழுந்துவிட்டேன். கட்டிலுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். என் விஷயத்தில் சண்டை நின்றது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஸ்கேன் எடுக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேபல் பாயின் கட்டிலோரம் நின்றிருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, ஜலதோஷம் என்றாள். அன்றிலிருந்து என் லாக்கரில் இருந்த ரிப்போர்ட் பைலைக் காணோம். கேட்டதற்கு, "டாக்டர் வாங்கி வெச்சிருக்கார்" என்று சொன்னாள். கோகலே மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். கழிக்க எதுவும் இருக்கவில்லை. அழுகை வந்தது, சத்தம் வராமல் போர்வையைக் கடித்துக்கொண்டேன். மேலே ஃபேன் நாலில் ஓடிக்கொண்டிருந்தது. பாய் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் இட்லி வந்து போனதும் கேட்டுவிட்டேன்.

"பாய், மேபல் உங்ககிட்ட என்ன சொன்னா?"

"உங்க வீட்டம்மாவா? ரசத்துல மிளகு தூக்கலான்னு கேட்டாங்க."

"எனக்கு என்ன?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர். டி.பி. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா குதிரை மாதிரி ஓடுவீங்க." சொல்லிக்கொண்டே என் போர்வையின் ஓரத்தை எடுத்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். மூன்று வாரத்தில் அவர் என் போர்வையைத் தொட்டதே இல்லை.

பிறகு தலையணைக்குக் கீழே இருந்து தன் மஞ்சள் பைலை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இப்ப நீங்க. படிங்க. கரீம் டாக்டர்கிட்டப் போயிருக்கான், இப்போ வந்துடுவான். சீக்கிரம்." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அதுவா இருந்தா நான் ஷாஹீனைக் கூப்பிடணும். இல்லேன்னா வேணாம். ரம்ஜானுக்கு அவளா வரட்டும். நான் எதுக்கு இறங்கிப் போகணும்? படிங்க மாஸ்டர்."

நான் திறந்தேன். ஒரே தாள், டைப் அடித்தது, நாலே வரி. அதில் அந்த வார்த்தை இருந்தது. அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. தப்பு விடைக்கு நான் போடுவது மாதிரி. என் ஆள்காட்டி விரல் அந்த வரிக்குக் கீழே நின்றது.

"நுரையீரல்ல... நீர் சேர்ந்திருக்கு. கிருமி. மருந்துக்குக் கேக்கும்னு போட்டிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பாய்."

கரீமுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அது இல்லை. அவருடைய வார்த்தையை உரக்கப் படித்தால் என்னுடையதையும் உரக்கப் படித்தது மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அந்த அறையில் அந்தச் சொல்லை யாரும் சொல்லாதவரைக்கும் இரண்டு பேரும் பிழைத்திருப்போம் என்று ஒரு மடத்தனம். பாய் பைலை வாங்கி, நாடாவைக் கட்டி, தலையணைக்கு அடியில் வைத்தார். "மெஹர்பானி மாஸ்டர்" என்றார். நன்றி என்று அர்த்தம்.

மத்தியானம் பாய் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே போனார். கேட்டதற்கு, "கடைக்கு ஒரு போன்" என்றார். வாசலில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. அரை மணி கழித்து வந்தபோது உதடு நீலம் பூத்திருந்தது. சிஸ்டர் திட்டிக்கொண்டே ஆக்சிஜன் வைத்தாள்.

அதே மத்தியானம் மேபல் வந்ததும் அவளை ஜன்னலோரம் நிறுத்திவைத்தேன். "எனக்குத் தெரியும், சொல்லிடு" என்றேன். அவள் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

"உங்க அப்பாவுக்குச் சொன்னப்ப அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையேங்க. உங்களையும் அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல."

சொன்னாள். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். புற்றுநோய்களில் மருந்துக்குக் கொஞ்சம் பணிகிற ஜாதி. சிகிச்சை உண்டு; பிழைப்பவர்களும் உண்டு. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பசித்தது. பாய் ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேபல் என் தலையைத் தடவிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். எனக்குச் சொல்ல ஆள் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஃபேன் இனிமே உங்களுது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலியில் போனார். என்னை வேறு பிரிவுக்கு மாற்றி, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஆறு மாதம். ஏற்றிய மூன்று நாள் தண்ணீர்கூட வாந்தி. முடி போனது, புருவம் போனது. மேபல் பி.எஃப். கடன் எழுதினாள், தன் இரண்டு வளையலைப் பற்றி நான் கேட்கக்கூடாது என்றாள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்து என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். அவர்களைச் சிரிக்கச் சொன்னேன். இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் சமயம், கூட்டத்துக்குப் போனால் எதுவும் தொற்றிக்கொள்ளும் என்று வெளியே விடவில்லை. சிவாஜிநகருக்குப் போக முடியவில்லை என்று நானும் இதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். ஏழாம் வாரம் கரீம் வந்து, பாய் போய்விட்டார் என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். ஷாஹீனுக்கு அடக்கத்துக்கு அப்புறம்தான் தெரிந்ததாம்.

நாற்பதாம் நாள் ஓதும் ஃபாத்திஹாவுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரிடம் கேட்காமல், வாயில் துணியைக் கட்டிக்கொண்டு போனேன். கடைக்கு மேலே வீடு. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் கரீம் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். முகம் அப்படியே பாய். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா என்னைப் பத்திப் பேசினாரா சார்?"

"பேசினாரும்மா. உன் நம்பரைப் பையில வெச்சிருந்தார்."

அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்துச்சு சார். என்னைக் கேட்டாங்கன்னு ஓடிப்போய் எடுத்தேன். யாரும் பேசல. மூச்சு வாங்குற சத்தம் மட்டும் வந்துச்சு. ரொம்ப நேரம். யாரு, யாருன்னு கத்துனேன். அப்புறம் வெச்சுட்டாங்க. லைன் சரியில்லைன்னு நினைச்சேன்."

நான் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். பாய் என் வாயை நம்பவில்லை, விரலைத்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அவ்வளவு படியும் இறங்கிப் போயிருக்கிறார். ஆனால் மகளிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பார்? தனக்கு ஒன்றும் இல்லை என்று படித்துக் காட்டியிருக்கிறார்கள், ஆனாலும் வா என்றா? நாலு வருஷக் கோபத்தைத் தாண்டிப் பேச அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் டைப் அடித்த தாளில் நாலு வரியாக என் மடியில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

ஷாஹீன் எழுந்து அலமாரியைத் திறந்து மஞ்சள் பைலை எடுத்துவந்தாள். நாடாவின் முடிச்சு பாய் போட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

"நான் உருதுப் பள்ளிக்கூடத்துல ஏழாவது வரைக்கும்தான் சார். அப்பாவுக்கு நீங்கதான் படிச்சுக் காட்டினீங்கன்னு கரீம் சாச்சா சொன்னார். எனக்கும் படிங்க."

கரீம் தலையைக் குனிந்துகொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் படித்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, வகுப்பில் படிப்பது மாதிரி, தமிழில் சொன்னேன். வலது பக்க மார்பிலிருந்து எடுத்த நீர். இரத்தம் கலந்தது. புற்றுநோய் அணுக்கள் காணப்படுகின்றன. நோய் பரவிய நிலை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது; தாளின் ஓரம் படபடத்தது; விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இதையேதான் அப்பாவுக்கும் படிச்சீங்களா?"

கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன்.